கராமாண்ட் என்ற பெயரில் வேறொருவர்

நான் மாணவனாக இருந்தபோது நம் கல்லூரி ஆண்டு மலரின் ஆங்கிலப் பகுதியைக் கம்ப்யூட்டரில் கோர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஃபான்ட் பட்டியலில் 'கராமாண்ட்' என்ற பெயர் கம்பீரமாக இருந்தது. அதையே போட்டேன். போட்டதோடு விட்டேனா? கடைசிப் பக்கத்தில், "இது 16-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் க்ளோத் கராமாண்ட் வெட்டிய எழுத்து" என்று பெருமையாக ஒரு குறிப்பும் எழுதி வெச்சேன். அது தப்பு என்று தெரிய எனக்குப் பல வருஷம் ஆச்சு.

கராமாண்ட் 1561-இல் இறந்துபோனார். நான் போட்ட எழுத்து, அவருக்கு அறுபது வருஷம் கழித்து, செடான் நகரத்து அச்சுக்காரர் ழான் ஜான்னோன் 1621-இல் மாதிரிப் புத்தகமாக வெளியிட்டது. 1641-இல் பாரிஸ் அரச அச்சகம் அதை வாங்கியது. நாளடைவில் வெட்டியவர் யார் என்பதே மறந்துபோய், 19-ஆம் நூற்றாண்டில் அதற்குக் கராமாண்ட் பெயரைச் சூட்டிவிட்டார்கள். 1922-இல் மோனோடைப் கம்பெனி அதைப் பார்த்துத்தான் புது ஈய எழுத்து வார்த்தது. பிறகு அதுவே பெயர் மாறாமல் கம்ப்யூட்டருக்குள்ளும் வந்து, மைக்ரோசாஃப்ட் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டது.

குட்டை உடைத்தவர் பியாட்ரிஸ் வார்ட் என்ற அமெரிக்கப் பெண்மணி. இந்த எழுத்தை 16-ஆம் நூற்றாண்டுப் புத்தகம் எதிலும் தான் பார்த்ததே இல்லை என்று அவருடைய நூலகத் தலைவர் ஒருமுறை சொன்னது அவர் மனசில் தைத்திருந்தது. தேடிப்போய், பாரிஸ் மசாரின் நூலகத்தில் ஜான்னோனின் மாதிரிப் புத்தகத்தைக் கண்டுபிடித்தார். 1926-இல் 'பால் போஜோன்' என்ற ஆண் பெயரில் கட்டுரை எழுதினார். அதைப் படித்து வேலைக்கு அழைத்த மோனோடைப்காரர்கள், வந்து நின்றது ஒரு பெண் என்றதும் திகைத்துப் போனார்களாம்!

பழைய எழுத்தைக் கம்ப்யூட்டரில் மீட்பது ஸ்கேன் பண்ணிக் கோடு இழுக்கிற காரியமில்லை. ஈய எழுத்தை ஈரக் காகிதத்தில் அழுத்தும்போது மை பரவும். ஒரே பக்கத்தில் பத்து 'ஏ' இருந்தால் பத்தும் பத்து விதம். எது வெட்டியவர் நினைத்த வடிவம், எது மை செய்த வேலை என்று வரைபவர்தான் முடிவு செய்யணும். அதனால் அச்சான பக்கம் மட்டும் போதாது, எஃகில் வெட்டிய மூல அச்சுகளையும் பார்க்கணும். கராமாண்ட் வெட்டியவற்றில் பல, ஆன்ட்வெர்ப் நகரத்துப் பிளான்டின் மொரேட்டஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. ராபர்ட் ஸ்லிம்பாக் அங்கே போய்ப் பார்த்துத்தான் 1989-இல் அடோபி கராமாண்டை வரைந்தார்.

இன்னொரு சிக்கல், அளவு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அளவுக்கும் தனி அச்சு வெட்டுவார்கள். பொடி எழுத்து கொஞ்சம் அகலமாக, தடிமனாக இருக்கும். கம்ப்யூட்டரிலோ ஒரே வடிவத்தைப் பெரிசும் சிறிசுமாக இழுத்துக்கொள்கிறோம். ஸ்லிம்பாக் 2005-இல் மறுபடி உட்கார்ந்து, அளவுக்கேற்ற தனித்தனி வடிவங்களோடு கராமாண்ட் பிரீமியரைக் கொண்டுவந்தார்.

காசில்லாமல் வேண்டுமென்றால், மாணவத் தம்பி தங்கைகளே, 'ஈ.பி. கராமாண்ட்' இருக்கிறது. 1592-இல் பிராங்க்பர்ட்டில் வெளியான மாதிரித் தாளைப் பார்த்து கியோர்க் டுஃப்னர் வரைந்தது. நேர் எழுத்து கராமாண்டுடையது, சாய்வெழுத்து ராபர்ட் கிரான்ஜோனுடையது. ஜான்னோன் எழுத்தும் மட்டமில்லை. அதன் சாய்வெழுத்து ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் சாய்ந்து ஆடுகிற அழகு எனக்கு இப்பவும் பிடிக்கும்.

என்னிடமுள்ள ஆண்டு மலர்ப் பிரதியில் அந்தக் குறிப்பை அடித்து, பென்சிலால் 'ஜான்னோன், 1621' என்று எழுதிவிட்டேன். கல்லூரி நூலகப் பிரதியில் இன்னும் பழையபடிதான் இருக்கும். சந்திப்புக்கு வரும்போது பென்சிலோடு வருகிறேன், நூலகர் அனுமதிக்கணும்.