கம்பங்களுக்கு நடுவே ஒருத்தி

எங்கள் குரும்பலூர் பக்கம் பசங்க ஃபுட்பால் ஆட டீம் பிரிக்கும்போது, கடைசியில் மிஞ்சுகிறவனைத்தான் கோலுக்கு அனுப்புவார்கள். ஓட முடியாதவன், குண்டாக இருப்பவன், பந்து வாங்கக் காசு தராதவன்... கிட்டத்தட்ட தண்டனைதான் அது. பத்து ஷாட்டைப் பாய்ந்து பிடித்தாலும் ஒருத்தரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒன்றை விட்டுவிட்டால் போதும், ஊரே திட்டும். பி.காம் படித்தவன் பாஷையில் சொன்னால், கோல்கீப்பரின் பேரேட்டில் பற்று மட்டும்தான் ஏறும். வரவு எழுத ஆளே கிடையாது.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே 24 அடி. உயரம் 8 அடி. ஆண்கள் ஆடினாலும் பெண்கள் ஆடினாலும் இதே அளவுதான், சலுகை எல்லாம் இல்லை. அந்த இடத்தில் பதினேழு வருடம் நின்றவர் அதிதி சௌகான். 1992-ல் சென்னையில் பிறந்து, டெல்லியில் வளர்ந்தவர். சின்ன வயதில் கராத்தே, பேஸ்கட்பால் என்று இருந்தவர், பதினைந்து வயது வாக்கில் ஃபுட்பாலுக்கு வந்து சேர்ந்தார்.

அவர் வந்து சேர்ந்த நேரம் இருக்கிறதே, அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது!

இந்தியப் பெண்கள் ஒரு காலத்தில் ஆசியாவில் பெரிய கைதான். 1983-ல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை போய், தாய்லாந்திடம் தோற்றார்கள். அப்புறம்? மெதுவாகக் கீழே இறக்கம். 2009-ல் ஃபிஃபா தன் தரவரிசைப் பட்டியலில் இருந்தே இந்தியப் பெண்கள் அணியின் பெயரை அடித்துவிட்டது. தோற்றதற்காக அல்ல. பதினெட்டு மாதத்துக்கு மேல் ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடாததற்காக! தோற்றிருந்தால்கூடக் கடைசி இடத்திலாவது ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

கோல்கீப்பருக்கு இது இரட்டை அடி. முன்னால் ஆடுபவர் தனியாகச் சுவரில் பந்தை உதைத்தாவது பழகிக்கொள்ளலாம். கீப்பருக்கு எதிரே நிஜமாகவே ஒருத்தி ஓடி வந்து, நிஜமாகவே உதைக்க வேண்டும். கோல் வாங்கி வாங்கித்தான் கோல் காக்கப் பழக முடியும். ஆட்டமே இல்லாத நாட்டில் யாரிடம் போய் வாங்குவது?

அதிதி இங்கிலாந்து போனார். லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் முதுகலை. படிப்போடு ஆட்டம். 2015-ல் லண்டனின் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. இந்திய அணிக்கு ஆடியவர்களில் இங்கிலாந்து லீகில் இறங்கிய முதல் பெண் அவர்தான்.

சரி, இங்கிலாந்து மட்டும் பெண்களைத் தங்கத் தட்டில் வைத்துத் தாங்கியதா என்றால்... ம்ஹூம்! 1920 டிசம்பர் 26-ம் தேதி லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் இரண்டு பெண்கள் அணிகள் மோதின. பார்க்க வந்த கூட்டம் 53,000 பேர். அடுத்த டிசம்பரில், அதாவது 1921-ல், அங்குள்ள கால்பந்துச் சங்கம் ஓர் உத்தரவு போட்டது. இந்த ஆட்டம் பெண்களுக்கு ஒத்துவராதாம். எந்த கிளப்பும் அவர்களுக்கு மைதானம் தரக் கூடாதாம். ஆடாதே என்று நேராகச் சொல்லவில்லை பாருங்கள், ஆடும் இடத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்! தடை விலக சுமார் ஐம்பது வருடம் ஆனது. அதன் மிச்சசொச்சம் 2015-லும் தெரிந்தது. வெஸ்ட் ஹாம் ஆண்கள் பிரீமியர் லீகில் கோடிகளில் புரண்டார்கள். அதே சட்டை போட்ட பெண்கள் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2015 ஆகஸ்ட் 16. அதிதியின் முதல் ஆட்டம், கவென்ட்ரி அணியோடு. இந்தியப் பத்திரிகைகள் பெருமையாகச் செய்தி போட்டன. ஸ்கோர்? 0-5.

நம்ம ஊர் என்றால் அந்த ஐந்தைச் சொல்லிச் சொல்லியே ஓட்டியிருப்பார்கள். என்னைக் கேட்டால், அவர் இங்கிலாந்துக்குப் போனதே அந்த ஐந்துக்காகத்தான் என்பேன். இந்தியாவில் அவருக்கு அப்படி அடுத்தடுத்து உதைக்க யார் இருந்தார்கள்? பெண்களுக்கான தேசிய லீகே இங்கே 2017 ஜனவரியில்தான் முதன்முதலாக நடந்தது. அதிலும் ஆறே அணிகள்!

2018-ல் ஊர் திரும்பினார். பெண் பிள்ளைகளுக்காக ஒரு கால்பந்து அகாடமி தொடங்கினார். கோகுலம் கேரளா அணியோடு லீக் கோப்பை, நடுவில் கொஞ்ச காலம் ஐஸ்லாந்தில் ஹாமர் என்ற கிளப். ஆட்டம் எங்கே கிடைத்ததோ அங்கே போனார்.

பிறகு வந்தது 2022. ஆசியக் கோப்பை, அதுவும் நம் நாட்டிலேயே. ஜனவரி 20, நவி மும்பை. ஈரானோடு முதல் ஆட்டம். கோலில் அதிதி. நடுக்களத்தில் நம் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன். 0-0. கீப்பருக்கு இதைவிட நல்ல ஸ்கோர் ஏது? மூன்றே நாளில் சீன தைபேயோடு அடுத்த ஆட்டம். அதற்குள் அணிக்குள் கொரோனா புகுந்துவிட்டது. பதின்மூன்று பேராவது இருந்தால்தான் களத்தில் இறங்கலாம் என்பது விதி. அந்தப் பதின்மூன்று தேறவில்லை. இந்தியா போட்டியை விட்டே வெளியே! ஈரானோடு ஆடியதும் செல்லாது என்று அடித்துவிட்டார்கள். ஒரு கோல்கூட வாங்காமல் வெளியேறிய அணி. அதிதி காப்பாற்றிக் கொடுத்த பூஜ்யமும் கணக்கில் இருந்து காணாமல் போனது. எதிராளி பந்தைப் பாய்ந்து பிடிக்கலாம், விதிப் புத்தகத்தை எங்கே பாய்ந்து பிடிப்பது?

2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய். அடுத்த ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. எதிரே, 1983-ல் நம்மைத் தோற்கடித்த அதே தாய்லாந்து. இந்த முறை 2-1 என்று இந்தியா ஜெயித்தது. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. கோலில் நின்றவர் மணிப்பூரின் பாந்தோய் சானு.

அதே ஜூலையில், இந்தியாவுக்காக 57 ஆட்டம் ஆடி முடித்த அதிதி ஓய்வை அறிவித்தார்.