கீசரும் புகைக்குழாயும்

போன வருடம் அமெரிக்காவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். கார் ஷெட்டின் மூலையில் காஸ் வாட்டர் ஹீட்டர், ஓர் இரும்பு மேடைமேல் நின்றது.

"எதற்கு மாப்பிள்ளை இந்த மேடை?" என்றேன்.

"பெட்ரோல் ஆவிக்காக, மாமா."

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். அதனால் ஷெட்டில் வைக்கும் ஹீட்டரின் தீ தரையிலிருந்து 18 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும் என்பது அங்கே வெகுகாலமாக உள்ள விதி. கார் இடிக்காமலிருக்க முன்னால் ஓர் இரும்புக் கம்பம். புகை வெளியேற, கூரையைத் துளைத்து ஒரு குழாய்.

அந்தக் குழாயைப் பார்த்ததும் பழைய ஞாபகம் வந்தது.

1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் காஸில் தண்ணீர் காய்ச்சும் கருவி செய்து, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றின் பெயரையே வைத்தார்: 'கீசர்'. நாம் இன்றும் சொல்வது அந்தப் பெயர்தான். அதில் புகைக்குழாய் கிடையாது. பிறகு 1889-ல் பிட்ஸ்பர்க்கில் எட்வின் ரூட், தானே எரிந்து தானே அணையும் தொட்டி ஹீட்டரைச் செய்தார்.

மாகன் விட்ட குறையை நூறு வருடம் கழித்து நானும் செய்தேன். பழைய வீட்டில் காஸ் கீசரைக் குளியலறைக்குள்ளேயே மாட்டினேன், குழாய் வைக்கவில்லை. ஒரு மார்கழிக் காலை, குளிக்கப்போன மனைவி மயங்கி விழுந்தாள். கதவை உடைத்துத் தூக்கி வந்தோம். பிழைத்தது தெய்வச் செயல். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

அன்றே கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டினேன். உங்கள் வீட்டில் உள்ளே இருந்தால், இன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.