விண் கூவும் காலம்

வாடைக்காற்று இறங்கும் மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத் தீவுகளின் வெட்டைவெளிகளில் பட்டம் ஏறும். கொக்கு, பிராந்து, எட்டுமூலை என்று எத்தனையோ வடிவங்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் பட்டத்தைவிட அதில் பூட்டும் விண்தான் பெரிது.

வில்லாக வளைத்த மூங்கில் சிலாகையில் நாடாவை இழுத்துக் கட்டினால் விண். முன்பு பனைநாரை மெலிதாகச் சீவினார்கள். பிறகு பொதி கட்டும் பிளாஸ்டிக் நாடா வந்தது. காற்றுப் பட்டதும் நாடா துடித்து, ஊரே கேட்கக் கூவும். இறுக்கினால் குரல் உயரும், நாடா கனத்தால் தாழும். அதைக் காதால் கேட்டுச் சரிசெய்வதை அப்பாவோ அண்ணனோ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுப்பார்கள். அருமையான பௌதிகப் பாடம் அது! 1940 இல் அமெரிக்காவின் டகோமா நாரோஸ் பாலத்தை முறுக்கி வீழ்த்தியதும் காற்று எழுப்பிய அதிர்வுதான்.

அதிர்வு ஒரு பொருளை நகர்த்தவும் செய்யும். 2007 இல் அமெரிக்காவில் வின்டெல் ஒஸ்கேயும் லெனோர் எட்மனும் பற்தூரிகையின் தலையில் குட்டி மோட்டாரை ஒட்டி ஓடவிட்ட ரோபோ பரவலாகப் பேசப்பட்டது. மோட்டாரின் அச்சில் ஒருபக்கம் மட்டும் எடை. அது சுழல, சாய்ந்த தூரிகை இழைகள் துள்ளி முன்னே நகரும்.

நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ ஒரு பிள்ளை விஞ்ஞானக் கண்காட்சிக்கு இந்த ரோபோவைச் செய்தால், பக்கத்தில் ஒரு விண்ணையும் வைக்கலாம். நாடாவின் இறுக்கத்தை மாற்றி மாற்றிக் குரல் ஏறி இறங்குவதைக் காட்ட, ஒரு மின்விசிறியே போதும்.