பெட்டிகள் யாருடையவை? ஐரோப்பிய இரவு ரயிலின் சரிவும் மீட்சியும்

2016 டிசம்பர் 11 அன்று ஐரோப்பிய ரயில்களின் புதிய கால அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியின் டாய்ச்ச பான் நிறுவனம் நடத்திவந்த ‘சிட்டி நைட் லைன்’ இரவு ரயில்கள் அந்த அட்டவணையில் இல்லை. ஜெர்மனி கைவிட்ட தடங்களில் ஆறை ஆஸ்திரிய ரயில்வே அன்றே ஏற்றுக்கொண்டு, ‘நைட்ஜெட்’ என்ற பெயரில் ஓட்டத் தொடங்கியது. தண்டவாளம் அதேதான். பயணிகளும் ஏறக்குறைய அதே ஆட்கள்தாம். பெட்டிகளில் பலவும் டாய்ச்ச பானிடமிருந்து விலைக்கு வாங்கியவை. ஓரிடத்தில் தேறாத சுமையாகத் தெரிந்த தொழில், பக்கத்து நாட்டுக்கு எப்படி ஏற்புடையதாயிற்று?

இரவு ரயிலின் சரிவுக்கு இரண்டு காரணங்களைச் சொல்வது வழக்கம்: அதிவேக ரயில், மலிவு விமானம். இரண்டும் உண்மையான காரணங்களே. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு 2016-ன் நிகழ்வையும் அதன்பின் வந்த மீட்சியையும் விளக்க முடியாது. படுக்கைப் பெட்டிகளை யார் செய்து வைத்திருந்தார்கள், அவை பல நாட்டுத் தண்டவாளங்களில் ஓடும் செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வியோடு இந்த வரலாற்றை முதலிலிருந்து பார்த்தால் தெளிவு கிடைக்கிறது.

எல்லை தாண்டிய பெட்டி

ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்து வங்கிக் குடும்பத்தில் பிறந்தவர். 1860-களின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்றவர், அங்கே ஜார்ஜ் புல்மன் ஓட்டிவந்த தூங்கும் பெட்டிகளைப் பார்த்தார். அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுவருவதில் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எல்லைக்கு எல்லை ரயில் நிர்வாகம் மாறும். ஒரே நாட்டுக்குள்ளேயே பல தனியார் ரயில் கம்பெனிகள் இருந்தன. நெடுந்தூரம் போகும் பயணி நள்ளிரவில் எழுந்து, மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, வேறு வண்டி ஏற வேண்டும்.

1872-ல் ஒரு கம்பெனியைத் தொடங்கிய நாகெல்மாக்கர்ஸ், 1876-ல் அதை ‘வாகோன்-லீ’ என்று உலகம் அறிந்த சர்வதேசத் தூங்கும் பெட்டிக் கம்பெனியாக மாற்றி அமைத்தார். அவருடைய மேதைமையை மெத்தையிலும் மர வேலைப்பாட்டிலும் தேடுவோர் உண்டு. நான் அதை அவர் எழுதிய ஒப்பந்தத்தில் காண்கிறேன். பெட்டி கம்பெனிக்குச் சொந்தம். பராமரிப்பும் பணியாளர்களும் கம்பெனியின் பொறுப்பு. ஒவ்வொரு நாட்டு ரயில்வேயும் தன் எஞ்சினால் அந்தப் பெட்டியைத் தன் எல்லைவரை இழுத்துச் செல்ல வேண்டும். பயணி கொடுக்கும் முதல் வகுப்புக் கட்டணம் ரயில்வேக்குப் போகும். அதற்கு மேல் படுக்கைக்காகக் கொடுக்கும் கூடுதல் தொகை கம்பெனிக்கு. பெட்டி செய்யக் காசு போடாமலே ரயில்வேக்கு வசதியான பயணி கிடைத்தார். தண்டவாளம் போடாமலே கம்பெனிக்குக் கண்டம் முழுவதும் பாதை கிடைத்தது.

1883 அக்டோபர் 4 அன்று பாரிஸிலிருந்து புறப்பட்ட ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் இந்த ஏற்பாட்டின் பிள்ளைதான். அப்போது கான்ஸ்டான்டிநோபிள்வரை நேர்த்தடம் கிடையாது. ருமேனியாவின் ஜியூர்ஜியூவில் இறங்கி, டான்யூப் நதியைப் படகில் கடந்து, வேறு ரயிலில் வார்னா துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பல் ஏற வேண்டியிருந்தது. 1889-ல்தான் இடையில் மாறாமல் போக முடிந்தது. 1930-களில் அந்தக் கம்பெனியிடம் 2,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் இருந்தன. முதல் உலகப் போரின்போது ஜெர்மனி இந்த ஏற்பாட்டிலிருந்து விலகி, 1916-ல் ‘மிட்ரோபா’ என்ற போட்டிக் கம்பெனியை உருவாக்கியது. பெட்டி யார் கையில் இருக்கிறது என்பது அரசுகளுக்கே முக்கியமாகப் பட்டதற்கு அது ஒரு சான்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரவு ரயிலின் முகம் மாறியது. செல்வந்தர்கள் விமானத்துக்குப் போனார்கள். அறைக்கு ஆறு பேர் படுக்கும் ‘கூஷெத்’ பெட்டிகளில் மாணவர்களும் சிறு குடும்பங்களும் ஏறினார்கள். ஜெர்மனியில் வேலை பார்த்த இத்தாலிய, யுகோஸ்லாவிய, துருக்கியத் தொழிலாளர்கள் விடுமுறைக்கு ஊர் போனது நெடுந்தூர ரயில்களில்தான். இரவு ரயில் என்றதும் கொலைக் கதையும் வெல்வெட் திரையும் மட்டும் நினைவுக்கு வருவது இந்த மக்களுக்கு இழைக்கும் அநீதி. அதன் நூற்றாண்டு வரலாற்றில் எண்ணிக்கையில் பெரும்பாலோர் இவர்களே.

வாகோன்-லீ கம்பெனியால் புதிய பெட்டிகளுக்கு முதலீடு செய்ய முடியாத நிலை வந்தபோது, ரயில்வேக்கள் ஒதுங்கிக்கொள்ளவில்லை. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, பெல்ஜியம் உள்ளிட்ட நாடுகளின் ரயில்வேக்கள் 1971-ல் சேர்ந்து தூங்கும் பெட்டிகளுக்குப் பொதுத் தொகுப்பு ஒன்றை அமைத்தன. தனியார் கம்பெனி செய்துவந்ததை அரசு ரயில்வேக்கள் கூட்டாகச் செய்யத் தொடங்கின. உரிமையாளர் மாறினாலும், பெட்டிகளை நாடுகளுக்குப் பொதுவாக வைத்து ஓட்டும் கொள்கை மாறவில்லை. 1990-களின் நடுவில் அந்தத் தொகுப்பு கலைந்தது. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கலைப்பைப் பற்றி எழுதப்பட்டவை மிகக் குறைவு. ஆனால் சரிவின் உண்மையான திருப்பம் அங்கேதான் இருக்கிறது.

கணக்கு மாறியது

பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதையில் 1981-ல் டிஜிவி அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. மாட்ரிட்–செவில்யா பாதை 1992-ல் வந்தது. முன்பு ஓர் இரவு பிடித்த தூரத்தை இனி மூன்று மணி நேரத்தில் கடக்கலாம். 1993-ல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிகள் விமானச் சந்தையைத் திறந்துவிட்டன. மலிவு விமானங்கள் பெருகின. விமான எரிபொருளுக்கு வரி இல்லை. வெளிநாட்டு விமானப் பயணச்சீட்டுக்கு மதிப்புக் கூட்டு வரியும் இல்லை. ஜெர்மனி போன்ற நாடுகளில் எல்லை தாண்டும் ரயில் சீட்டுக்கு, உள்நாட்டுத் தூரத்துக்கு அந்த வரி உண்டு.

அதே காலத்தில் ரயில்வேக்குள்ளேயே இன்னொரு மாற்றம் நடந்தது. 1991-ல் ஐரோப்பியச் சமூகம் பிறப்பித்த 91/440 என்ற ஆணை, தண்டவாளத்தின் கணக்கையும் வண்டி ஓட்டும் கணக்கையும் பிரிக்கச் சொன்னது. போட்டியை வளர்ப்பது நோக்கம். விளைவு என்னவென்றால், தண்டவாளத்தில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வண்டி ஓட்டுபவர் கட்டணம் செலுத்த வேண்டும். முன்பு எல்லாம் ஒரே வீட்டுக் கணக்காக இருந்தபோது இரவு ரயில் தனியாக எவ்வளவு தின்கிறது என்று யாரும் எடை போட்டதில்லை. இப்போது அது ஒவ்வொரு இரவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பாதைக் கட்டணம் கட்டும் வண்டியாகக் கண்ணில் பட்டது.

இரவு ரயிலின் பொருளாதாரமோ ஏற்கெனவே கடினம். தூங்கும் பெட்டி ஒன்றில் அறைக்கு மூவர் வீதம் 36 பேர் படுக்கலாம். அதே நீளமுள்ள உட்காரும் பெட்டியில் அதைப்போல் இரு மடங்கு பேர் அமர்வார்கள். பகல் ரயிலில் ஒரே இருக்கையை ஒரே நாளில் பலமுறை விற்கலாம். படுக்கையை இரவுக்கு ஒருமுறைதான் விற்க முடியும். பகலெல்லாம் பெட்டி சும்மா நிற்கும். பணியாளர்களுக்கு இரவு வேலைக்கான ஊதியம் தர வேண்டும். விரிப்புகளைத் துவைக்க வேண்டும். காலை உணவு கொடுக்க வேண்டும். இதோடு நாட்டுக்கு நாடு மின்சாரம் வேறு: ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 15,000 வோல்ட், இத்தாலியில் 3,000 வோல்ட், பிரான்ஸின் தடங்களில் இரண்டு வகை. சிக்னல் முறைகளும் வேறு. ஸ்பெயினில் தண்டவாள அகலமே வேறு.

ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்தின் வழியாக பிரிட்டனை ஐரோப்பிய நகரங்களோடு இணைக்கத் திட்டமிட்ட ‘நைட்ஸ்டார்’ இந்தக் கணக்கின் முதல் பெரிய பலி. அதற்கென 139 பெட்டிகளுக்கு ஆணை தரப்பட்டு, பல பெட்டிகள் உருவாகியும் விட்டன. 1999-ல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பயணியைக்கூட ஏற்றாமலே அந்தப் பெட்டிகள் 2000-ல் கனடாவின் வியா ரயிலுக்கு விற்கப்பட்டன.

அதன்பின் தடங்கள் வரிசையாக விழுந்தன. 2013 டிசம்பரில் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் ஓடிய இரவு ரயில்கள். ஓராண்டு கழித்து பாரிஸ்–பெர்லின். 2015-ல் தன் இரவு ரயில்களில் ஏறத்தாழ 13 லட்சம் பேர் பயணித்ததாகவும், 9 கோடி யூரோ வருவாயில் 3.1 கோடி யூரோ நட்டம் வந்ததாகவும் டாய்ச்ச பான் கணக்குக் காட்டியது. 13 லட்சம் பேர் ஏறிய ஒரு சேவையை ஆளில்லாத சேவை என்று சொல்ல முடியுமா?

வியன்னாவின் முடிவு

ஆஸ்திரியா ஏன் துணிந்தது? அந்த நாடு கண்டத்தின் நடுவில் இருக்கிறது. வியன்னாவிலிருந்து ஹாம்பர்க், ரோம், சூரிக் எல்லாம் ஓர் இரவுத் தூரம். ஆல்ப்ஸ் மலைகள் பாதியை அடைத்துக்கொண்டதால் பகல் ரயிலுக்கு வேகம் கூடுவது கடினம். இரவு ரயிலை ஆஸ்திரிய ரயில்வே கைவிட்டதே இல்லை. தேர்ந்த பணியாளர்களும் பணிமனைகளும் இருந்தன. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, நாட்டுக்குள் ஓடும் தூரத்துக்கு அரசு பொதுச் சேவை ஒப்பந்தத்தின்கீழ் பணம் தருகிறது. ஜெர்மனி தன் நெடுந்தூர ரயில்களை முழுக்கச் சந்தையிடம் விட்டிருந்தது. 2016-ன் புதிருக்கு விடை இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

2020 ஜனவரியில் வியன்னாவிலிருந்து பிரஸ்ஸல்ஸுக்கு நைட்ஜெட் போனது. பருவநிலை மாற்றம் பற்றிய கவலை, விமானம் ஏறத் தயங்கும் ஓர் இளம் தலைமுறையை உருவாக்கியிருந்த நேரம் அது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆஸ்திரிய, ஜெர்மன், பிரெஞ்சு, சுவிஸ் ரயில்வேக்கள் நான்கும் கூட்டாகப் புதிய தடங்களை அறிவித்தன. 2021 டிசம்பரில் வியன்னா–பாரிஸ் ஓடியது. 2023 டிசம்பரில் பெர்லின்–பாரிஸ் திரும்பி வந்தது. சூரிக்–பார்சிலோனா அறிவிப்போடு நின்றது.

பெட்டிப் பஞ்சம் அப்போதுதான் வெளிப்பட்டது. ஆஸ்திரிய ரயில்வே 2018-ல் சீமென்ஸிடம் 13 புதிய ரயில் தொடர்களுக்கு ஆணை கொடுத்தது. 2021-ல் மேலும் 20. ஒவ்வொன்றிலும் ஏழு பெட்டிகள், 254 பேருக்கு இடம். தனியாகப் போகிறவர் கதவை மூடிக்கொண்டு படுக்கச் சிறு கூடுகள். முதல் தொடர் பயணிகளோடு ஓடியபோது 2023 டிசம்பர் ஆகிவிட்டது. ஆணைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து ஆண்டுகள். அதுவரை பழைய பெட்டிகளைத் தட்டிக்கொட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

பிரான்ஸ் தன் உள்நாட்டு இரவு ரயில்களை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்துவிட்டு, பிறகு மனம் மாறியது. 2017-ல் நிறுத்திய பாரிஸ்–நீஸ் ரயில் 2021 மே மாதம் மீண்டும் புறப்பட்டபோது பிரதமர் ழான் கஸ்தெக்ஸ் அதில் பயணம் செய்தார். அது மீண்டும் ஓடியதற்குப் பின்னால் அரசின் மீட்புத் திட்டம் ஒதுக்கிய பெருந்தொகை இருந்தது. அதில் பெரும்பகுதி பழைய பெட்டிகளைப் புதுப்பிக்கவே போனது.

தனியார் முயற்சிகளும் இதே சுவரில் மோதின. பாரிஸை மையமாக வைத்துப் புதிய இரவு ரயில்கள் ஓட்ட 2020-ல் தொடங்கிய ‘மிட்நைட் ட்ரெயின்ஸ்’ நிறுவனம், பெட்டிகளுக்கான முதலீட்டைத் திரட்ட முடியாமல் 2024-ல் மூடப்பட்டது. டச்சு–பெல்ஜிய ‘யூரோப்பியன் ஸ்லீப்பர்’ 2021-ல் சிறு முதலீட்டாளர்களிடம் 5 லட்சம் யூரோ திரட்டி, வாடகைப் பெட்டிகளோடு 2023 மே மாதம் பிரஸ்ஸல்ஸ்–பெர்லின் தடத்தைத் தொடங்கியது. 2024 மார்ச்சில் பிராகாவரை நீட்டியது. வசதி குறைந்த பழைய பெட்டிகள் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் வாடகைக்குக் கிடைத்தவை அவைதாம்.

மீட்சி எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை 2025 காட்டியது. பிரெஞ்சு அரசு தன் உதவித் தொகையை நிறுத்துவதாகச் சொன்னதும், பாரிஸிலிருந்து வியன்னாவுக்கும் பெர்லினுக்கும் ஓடிய நைட்ஜெட்டுகள் டிசம்பரோடு நின்றுபோயின. மூன்று நாடுகள் சேர்ந்து ஓட்டிய ரயிலை ஒரு நாட்டின் நிதிநிலை அறிக்கை நிறுத்திவிட்டது. பெர்லின்–பாரிஸ் தடத்தை யூரோப்பியன் ஸ்லீப்பர் ஏற்க முன்வந்தது.

நூற்றைம்பது ஆண்டு வரலாறு தரும் தீர்ப்பு, என் வாசிப்பில், இதுதான். எல்லை தாண்டும் இரவு ரயில் நிலைத்து ஓடிய காலங்களில் பெட்டிகள் எந்த ஒரு நாட்டு ரயில்வேயின் கணக்கிலும் தனியாக இல்லை. முதலில் ஒரு சர்வதேசக் கம்பெனியிடம் இருந்தன, பிறகு ஒரு கூட்டுத் தொகுப்பில் இருந்தன. தொகுப்பு கலைந்து, பாதைக்கும் தனிக் கட்டணம் வந்த பிறகே சேவை நொறுங்கியது. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் செய்ய வேண்டியவை இரண்டு. தூங்கும் பெட்டிகளைப் பொதுப் பணத்தில் வாங்கி, ஓட்ட முன்வரும் எவருக்கும் நியாய வாடகைக்குத் தர வேண்டும். இரவில் காலியாகக் கிடக்கும் தண்டவாளத்துக்குப் பாதைக் கட்டணத்தைப் பெயரளவுக்குக் குறைக்க வேண்டும். 1971-ல் அரசு ரயில்வேக்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு இதன் பாதியைச் செய்து காட்டின. அதைவிட எவ்வளவோ நெருக்கமான ஒன்றியமாக இன்று இருக்கும் நாடுகளால் அதைச் செய்ய முடியும். இப்போதே செய்ய வேண்டும்.