இராமநாதன், வீரபத்ரன்

வளிமண்டல அறிவியலாளர், சென்னையில் 1944இல் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். குளிரூட்டும் வாயு கசிவதை நிறுத்துவதே அங்கே அவருக்கு இட்ட பணி. அந்த வாயுதான் பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் முதுகலையும், நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1974இல் முனைவர் பட்டமும் முடித்தார்.

மறு ஆண்டே ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவரது சிறு கட்டுரை, அந்தக் குளிரூட்டும் வாயுவான குளோரோபுளோரோகார்பனின் ஒரு மூலக்கூறு கரியமில வாயுவின் சுமார் 10,000 மூலக்கூறுகளுக்குச் சமமாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்று காட்டியது. புவி வெப்பமாதல் என்றாலே கரியமில வாயு என்றிருந்த காலம் அது. 1980இல் ரோலண்ட் மேடனுடன் சேர்ந்து, வெப்பமாதலின் தடயம் 2000க்குள் அளவீடுகளில் தெரியவரும் என்று கணித்தார், கணிப்பு பலித்தது. மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்பதைச் செயற்கைக்கோள் அளவீடுகளால் 1989இல் நிறுவினார்.

1990இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். பால் குருட்சனுடன் 1999இல் நடத்திய இந்தியப் பெருங்கடல் ஆய்வு, தெற்காசியாவின் மேல் கவிந்திருக்கும் பழுப்புப் புகைப்படலத்தை உலகறியச் செய்தது. கரித்துகள் பற்றி கிரிகரி கார்மைக்கேலுடன் 2008இல் எழுதிய ‘நேச்சர் ஜியோசயின்ஸ்’ கட்டுரை, அத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று. விறகடுப்புப் புகையைக் குறைக்கும் ‘சூரியா’ திட்டம் இந்த ஆய்வுகளின் தொடர்ச்சி. டைலர் பரிசு (2009), டாங் பரிசு (2018) பெற்றவர்.