கடுகில் இல்லாத காரம்

கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்கிறோம். முழுக் கடுகை மெல்லாமல் விழுங்கிப் பாருங்கள், ஒன்றும் உறைக்காது. விதைக்குள் காரமே இல்லை என்பதுதான் வேதியியல். இருப்பது சினிக்ரின் என்னும் கந்தகச் சேர்மம். 1840இல் பிரெஞ்சு மருந்தியலாளர் புஸ்ஸி பிரித்தெடுத்தது. அதை உடைக்கும் மைரோசினேஸ் நொதி வேறு செல்களில் ஒதுங்கிக் கிடக்கிறது. விதை நசுங்கி ஈரமும் பட்டால் இரண்டும் கலந்து, சினிக்ரினிலிருந்து குளுக்கோஸ் கழன்று, அல்லைல் ஐசோதயோசயனேட் பிறக்கிறது. மூக்கில் ஏறும் காரம் அதுதான். கடிக்கிற பூச்சியின் வாயிலேயே நஞ்சைச் சமைத்துக் கொடுக்கிறது செடி!

மாவடுவுக்குக் கடுகைப் பச்சையாக அரைத்துச் சேர்ப்பதும் தாளிப்பில் வெடிக்கவிடுவதும் ஒன்றல்ல. காய்ந்த எண்ணெயில் நொதி செயலிழந்துவிடும், மிஞ்சுவது மணம். என் பாட்டி முழங்கால் வலிக்குக் கடுகை அம்மியில் அரைத்து, அரிசி மாவு கூட்டி, ஆறின தண்ணீர் விட்டே குழைப்பார். வெந்நீர் விட்டால் ‘கடுகு செத்துப்போகும்’ என்பார். நொதியியலை இதைவிடச் சுருக்கமாக நான் படித்ததில்லை. மெல்லிய துணிமேல் பற்றுப் போட்டு, தோல் சிவந்ததும் எடுத்துவிட வேண்டும். ஒருமுறை நான் பற்றோடு தூங்கிவிட்டேன்; எழுந்தபோது கொப்புளம்.

அந்த எரிச்சலே மருந்து. நரம்பு முனைகளில் உள்ள டிஆர்பிஏ1 என்ற புரத வாயிலைக் கடுகுக் காரம் திறந்துவிடுகிறது என்பது 2004இல் தெளிவானது. புரதத்தின் சிஸ்டீன்களை அது வேதிப்பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. தோலில் ரத்த ஓட்டம் கூடுகிறது. புது எரிச்சலில் பழைய வலி மங்குகிறது. மிளகாய்க்கு வாயில் வேறு, டிஆர்பிவி1. மிளகாய்க் காரம் ஆவியாகாமல் நாக்கில் தங்கும். கடுகுக் காரம் ஆவியாகி மூக்குக்குத் தாவும்.

உள்ளுக்குச் சாப்பிட்டால் கதை சிக்கலாகிறது. இச்சேர்மம் உடலில் உருமாறிச் சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பையில் செறிகிறது. 2010இல் வெளியான ஆய்வில், உடல் எடை கிலோவுக்குச் சுமார் 70 மில்லிகிராம் கடுகுப்பொடி எலிகளின் சிறுநீர்ப்பைப் புற்று வளர்ச்சியை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. அதிலிருந்து கிடைக்கும் காரச் சேர்மம் ஒரு மில்லிகிராம்கூட இராது. ஆனால் 1982இல் அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் தூய சேர்மத்தையே கிலோவுக்கு 25 மில்லிகிராம் வரை இரண்டாண்டு புகட்டியபோது, ஆண் எலிகளின் அதே சிறுநீர்ப்பையில் கட்டிகள் முளைத்தன. ‘புற்றுநோய்க்குக் கடுகு’ என்று கைபேசியில் வரும் செய்திகளை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. முழங்காலுக்கு மட்டும் இன்றும் பற்றுப் போடுகிறேன், கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.