மூளை அளவீட்டு வழி மனநலச் சிகிச்சை

மூளையின் மின்னலைகளையோ இரத்த ஓட்டத்தையோ அளந்து, அந்த அளவின் துணையோடு மனநோய்க்கான சிகிச்சையை நடத்தும் முறை இது. விலங்குகளின் மூளையில் மின்னோட்டம் உண்டென்று லிவர்பூல் மருத்துவர் ரிச்சர்ட் கேட்டன் 1875-இலேயே காட்டியிருந்தார். மனிதருக்கு அதை அளந்து காட்டியவர் ஹான்ஸ் பெர்கர், ஜெர்மனியின் ஜெனா நகர மனநல மருத்துவர்.

இளமையில் ராணுவப் பயிற்சியின்போது பெர்கரைக் குதிரை கீழே தள்ளியது. பீரங்கி வண்டிச் சக்கரத்தில் சிக்காமல் மயிரிழையில் தப்பினார். அன்று மாலையே நலம் விசாரித்துத் தந்தையிடமிருந்து தந்தி வந்தது. தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று வீட்டில் அக்கா பதறியிருந்தாராம். மனத்தின் ஆற்றலை அளந்தே தீர்வது என்ற வேட்கை அவருக்கு அங்கேதான் பிறந்தது. 1924 ஜூலை 6 அன்று, மண்டையோட்டின் ஒரு பகுதி அகற்றப்பட்டிருந்த 17 வயது இளைஞனிடம் முதன்முதலாக மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார். ஐயம் தீரும்வரை சோதித்து, 1929-இல்தான் வெளியிட்டார். கண்ணை மூடினால் வினாடிக்குப் பத்து முறை அளவில் எழும் அலை, கண் திறந்ததும் அடங்கியது. 1934-இல் கேம்பிரிட்ஜின் ஏட்ரியனும் மாத்யூஸும் சரிபார்த்த பிறகே உலகம் நம்பியது.

மனநோய்க்கு மட்டும் தெளிவான அலை அகப்படவில்லை. மனச்சோர்வுக்கு ஆளான பெர்கர் 1941-இல் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த வரலாற்றில் மிகவும் வருத்தும் பக்கம் இதுவே.

பெர்கரின் மூளை மின்னலைப் பதிவான இ.இ.ஜி. வலிப்பு நோய்க்குப் பெருந்துணையானது. மனநல மருத்துவத்தில் அதற்கு நிலையான இடம் தந்தது, 1938-இல் ரோமில் தொடங்கிய, மின்சாரத்தால் வலிப்பை வரவழைக்கும் மின்னதிர்வுச் சிகிச்சை. தசைகளைத் தளர்த்தும் மருந்து கொடுத்தபின் உடல் துடிக்காது. மூளையில் வலிப்பு எத்தனை வினாடி நீடித்தது என்பதை அலைக்கோடே சொல்லும். மருந்து இறங்காதபடி ஒரு கணுக்காலை ரத்த அழுத்தப் பட்டையால் இறுக்கி, அந்தப் பாதம் எவ்வளவு நேரம் துடிக்கிறது என்பதையும் பார்ப்பார்கள்.

தன் மூளை அலையைத் திரையில் பார்த்துத் தானே மாற்றப் பழகும் பயிற்சி 1960-களில் தொடங்கியது. கவனக்குறைபாடுள்ள குழந்தைகளிடம் அது போலிப் பயிற்சியை விஞ்சவில்லை எனக் கட்டுப்பாடான ஆய்வு காட்டியபிறகும் விற்பனை ஓயவில்லை. அப்படி விற்பது தவறு.

உண்மையான திருப்பம் 2005-இல் வந்தது. தீராத மனச்சோர்வில் மிகையாக இயங்கிய மூளைப்பகுதி ஒன்றை இரத்த ஓட்டப் படத்தால் அடையாளம் கண்ட ஹெலன் மேபர்க் குழு, டொராண்டோவில் ஆறு பேருக்கு அங்கே மின்முனை பொருத்தியது, நால்வர் தேறினர். பின்னர் நடந்த பெரிய சோதனையோ இடையில் நிறுத்தப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ மருத்துவர்கள் ஒரு பெண்ணுக்குப் பொருத்தி 2021-இல் அறிவித்த கருவி, சோர்வு மூளும் அடையாள அலை எழும்போது மட்டும் ஆறு வினாடி தூண்டியது. எம்.ஆர்.ஐ. படத்தால் இடம் குறித்து, ஐந்து நாளில் ஐம்பது முறை காந்தத்தால் தூண்டும் ஸ்டான்ஃபோர்டு முறைக்கு அமெரிக்கா 2022-இல் அனுமதி அளித்தது.

எங்கே தூண்டுவது, எப்போது தூண்டுவது என்பதை இன்று அளவீடு சொல்லத் தொடங்கியிருக்கிறது. ஒருவருக்கு மனச்சோர்வு உண்டா என்பதை மருத்துவர்கள் இன்றும் அவரிடம் பேசித்தான் அறிகிறார்கள்.